எலியாவுக்கு நான் எடுத்த ஞானஸ்நான வகுப்பு

உபதேசியார் வேலையில் இருந்த காலத்தில் நான் பேச எழுந்தால் சபையார் கதவுப் பக்கம் பார்ப்பார்கள். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகு என்னைப் பேசச் சொல்லி ஆள் அனுப்புகிறார்கள். போன மாதம் புதிதாக வேலைக்கு வந்த இளம் உபதேசியார்களுக்கு ஒரு பயிற்சிக் கூட்டம் வைத்து, அதற்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். இப்போது அவர்கள் படம் காட்டிப் பாடம் நடத்துகிறார்கள். ஒலிபெருக்கிகூட இருக்கிறது. அவர்களில் ஒருவர் எழுந்து, என் வகுப்பில் தேறாமல் போனவர்கள் யாராவது உண்டா என்று கேட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள். ஒருவர் உண்டு, பாடம் முழுவதும் பிழையில்லாமல் படித்துவிட்டுத் தேறாமல் போனவர், என்று ஆரம்பித்தேன். அதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. பிரியாணி வாசனையை எதிர்த்து யாரும் பேச முடியாது. அதனால் அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

நான் பிறந்தது அம்பத்தூரில். அப்பாவும் அம்மாவும் பிறர் வயலில் நடவு நட்டவர்கள். மிஷன் பள்ளியில் எழுத்து, பட்டணத்தில் உபதேசியார் பயிற்சி, ஒரு பழைய சைக்கிள். என் படிப்பும் சொத்தும் அவ்வளவுதான். அம்பத்தூர், திருமுல்லைவாயில், ஆவடி, பருத்திப்பட்டு என்று ஏரிக்கரை ஏரிக்கரையாகச் சுற்றுவது வேலை. அப்போது அந்தப் பக்கமெல்லாம் நெல்வயல். தொழிற்சாலை என்ற சொல்லே யாருக்கும் தேவைப்படவில்லை.

ஞானஸ்நானம் வேண்டும் என்று யாராவது வந்தால் முதலில் அவர் வீட்டுக்குப் போவேன். புத்தகத்தைத் திறக்க மாட்டேன். வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை, மாடு கறக்கிறதா, குடி உண்டா என்று தெரிந்துகொண்ட பிறகே பாடம். கர்த்தர் கற்பித்த ஜெபத்தை ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொடுப்பேன். பெண்கள் அதை நாற்று நடும்போது சொல்லிப் பார்ப்பார்கள். பத்துக் கட்டளைகளுக்குப் பத்து விரல். எதை நம்புகிறோம் என்று வரிவரியாக அறிக்கை செய்யும் விசுவாசப் பிரமாணம்தான் எல்லோரையும் திணறடிக்கும். அதையும் தாண்டினால் பூந்தமல்லியிலிருந்து போதகர் வந்து பரீட்சை வைப்பார்.

போதகர் பெயர் ஆசீர்வாதம் ஐயர். போதகர்களை எங்கள் சபையில் ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். நல்ல உயரம். வெயில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கையில் கறுப்புக் குடை இருக்கும். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. யாராவது பேசிக்கொண்டிருக்கும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அங்கவஸ்திரத்தின் நுனியால் துடைத்துக்கொண்டே இருப்பார். துடைக்கிறவரை அவரிடம் எதையும் சொல்லலாம். திரும்ப மாட்டிக்கொண்டாரென்றால் முடிவு செய்துவிட்டார் என்று பொருள். மனப்பாடமாக ஒப்பிப்பதை அவர் பொறுமையாகக் கேட்பார், ஆனால் அதற்கு மதிப்பெண் தர மாட்டார். முழுப் பிரமாணத்தையும் மூச்சு விடாமல் ஒப்பித்த ஒரு விவசாயியிடம், “நாளைக்கு உன் மாடு செத்துப்போனா அப்பவும் ஜெபம் பண்ணுவியா?” என்று கேட்டார். அந்த ஆள் நெடுநேரம் யோசித்து, ரெண்டு நாள் கழித்துப் பண்ணுவேன் என்றார். ஐயர் அவரைத் தேறினவர் என்று சொல்லிவிட்டார்.

இரண்டாம் உலக யுத்தம் வந்ததும் ஆவடி அடையாளம் தெரியாமல் மாறியது. வயல்களுக்கு நடுவே ராணுவக் கொட்டகைகள் எழும்பின. லாரிகள் இரவும் பகலும் புழுதி கிளப்பின. எங்கள் சபையார் பாதிப்பேர் ஏர்மாட்டை விட்டுவிட்டு அந்தக் கிடங்குகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். அவர்களை வேலை முடிந்த நேரத்தில் பிடித்தால்தான் ஜெபக்கூட்டம் நடத்த முடியும். ஒரு மாலை ஆவடி ரயில் நிலையத்துக்கு வெளியே நின்று, கூட்டத்தில் தெரிந்த தலைகளைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். தாவீது, சாலமோன், யாக்கோபு, இப்படி வா, ஆபிரகாமே, நீயும்தான், என்று.

காக்கிச் சட்டையும் தலையில் சின்னத் தொப்பியும் அணிந்த ஒருவர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். முகமெல்லாம் வெளிச்சம்.

“நிங்களெல்லாம் யூதரோ?” என்றார்.

இல்லை, கிறிஸ்தவர்கள் என்றேன். அவர் முகம் அப்படியே வாடிவிட்டது. பிறகு என்னைச் சுற்றி நின்ற தாவீதையும் சாலமோனையும் ஒவ்வொருவராகப் பார்த்தார், சிரிக்க ஆரம்பித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை நிறுத்தவில்லை. கொச்சிப் பக்கத்து யூதர். எர்ணாகுளத்துக்காரர். கிடங்கில் சாமான் கணக்கு பார்க்கிறவராக வந்து சேர்ந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. அவர்கள் முறையாகக் கூடித் தொழ வேண்டுமென்றால் பத்து ஆண்கள் வேண்டுமாம். என் வாயிலிருந்து வந்த பெயர்களைக் கேட்டு, பத்துப்பேர் கிடைத்துவிட்டார்கள் என்று ஓடி வந்திருக்கிறார். அவர் பெயரைக் கேட்டேன். எலியா என்றார். என் பெயர் சாமுவேல் என்றதும் மறுபடியும் சிரித்தார்.

அப்படித் தொடங்கியது பழக்கம். எங்கள் ஆட்கள் அவரை உடனே ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. அவருக்குச் சனிக்கிழமை ஓய்வுநாள், எங்களுக்கு ஞாயிறு. சனிக்கிழமை அவர் வேலையை எங்கள் ஆட்கள் பார்த்தார்கள், ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய வேலையை அவர் பார்த்தார். அந்த ஏற்பாட்டால் ஆவடியில் ஞாயிறு ஆராதனைக்குக் கூட்டம் கூடியது. என் பிரசங்கத்தால் கூடியது என்று ஆசீர்வாதம் ஐயர் கொஞ்ச காலம் நினைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஆண்டு ஒரு மரப்பெட்டி எலியாவின் கட்டைவிரல் மேல் விழுந்தது. கிடங்கு மருந்தகத்தில் கட்டுப் போட்டவள் எங்கள் சபைப் பெண் எஸ்தர். கொட்டகை கட்டும் கொத்தனார்களுக்குத் தலைவரான தேவசகாயம் மேஸ்திரியின் மகள். மனதில் பட்டதை நேராகச் சொல்லும் பெண். அந்தக் கட்டைவிரல் ஆற வேண்டிய காலத்தைவிட வெகுநாள் எடுத்துக்கொண்டது. விரல் ஆறிவிட்டது, ஆள்தான் ஆறவில்லை என்று கிடங்கில் எல்லோருக்கும் தெரிந்த பிறகு, மேஸ்திரி என்னைத் தேடி வந்தார்.

“பையன் நல்லவன்தான் உபதேசியாரே. குடி இல்ல, சூது இல்ல. ஆனா சபைக்கு வெளிய பொண்ணு குடுத்தா நாளைக்கு எம்மூஞ்சிய எங்க வெச்சிக்கினு கோயிலுக்கு வர்றது? ஞானஸ்நானம் எடுக்கச் சொல்லு. மறுவாரமே கோயில்ல கல்யாண அறிவிப்பு ஓலை வாசிச்சுடலாம்.”

எலியாவிடம் போய்ச் சொன்னேன். ஒரு நொடியும் யோசிக்காமல் சரி என்றார். எஸ்தருக்காகக் கடலைத் தாண்டச் சொன்னாலும் தாண்டுவேன், தலையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக்கொள்ளப் பயப்படுவேனா என்றார்.

விஷயம் கேட்டு ஆசீர்வாதம் ஐயர் எழுந்தே நின்றுவிட்டார். எங்கள் வட்டாரத்தில் ஒரு யூதர் ஞானஸ்நானத்துக்கு வந்ததாக யாரும் கேள்விப்பட்டதே இல்லை. பட்டணத்திலிருந்த மிஷன் தலைவருக்குச் செய்தி போனது. அந்த வெள்ளைக்காரத் துரை, அறுப்பின் பண்டிகைக்குத் தாமே வந்து ஞானஸ்நானம் கொடுப்பதாகச் சொல்லி அனுப்பினார். “தீர்க்கதரிசி எலியாவே வந்திருக்காருய்யா நம்மகிட்ட” என்று ஐயர் என் தோளைத் தட்டினார். இதை எலியாவிடம் சொன்னபோது, தான் வந்தது லாரி டயர் எண்ணுவதற்கு என்று பணிவாகச் சொன்னார்.

வகுப்பு அம்பத்தூரில் என் வீட்டில். முதல் மாலையே தடுமாற்றம். விருந்தாளி வருகிறாரென்று என் மனைவி நவமணி இறால் வறுத்து, ஏரியில் பிடித்த கெளுத்திக் குழம்பும் வைத்திருந்தாள். எலியா இலையைப் பார்த்துவிட்டு, வெறும் சோற்றில் மோர் ஊற்றிக்கொண்டார். துடுப்பும் செதிலும் இல்லாத நீர்ப்பிராணி அவர்களுக்கு ஆகாது. அப்படி எங்கே எழுதியிருக்கிறது என்று நவமணி கேட்டாள். அவர் மேஜை மேலிருந்த எங்கள் வேதாகமத்தையே திருப்பி இடத்தைக் காட்டினார். அவள் நின்றபடியே படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“இதே புத்தகத்தத்தானே நீயும் தெனம் படிக்கிற? நமக்கு மட்டும் கெளுத்தி எப்படி ஆகும்?”

அன்று நான் நடத்த நினைத்திருந்தது ஜெபப் பாடம். நடத்தியது, நியாயப்பிரமாணச் சட்டங்களிலிருந்து கிருபை எங்களை விடுவித்தது என்ற பாடம். நவமணி குழம்பை ஊற்றிக்கொண்டே, அப்பாடா, கிருபை வந்துச்சே என்றாள். மறுநாளிலிருந்து செதிலுள்ள கெண்டை மீன் வாங்கினாள்.

பாடத்தில் அவருக்கு நான் கற்பிக்க அதிகம் இல்லை. பத்துக் கட்டளைகளை எபிரெயுவில் ராகத்தோடு சொல்வார். சங்கீதங்கள் பாதி வாயிலேயே இருந்தன. புதிய ஏற்பாட்டையும் ஆர்வமாகப் படித்தார். மலைப்பிரசங்கத்தைப் படித்துவிட்டு, இவர் எங்கள் ஊர்க்காரர் மாதிரியே பேசுகிறார் என்று சந்தோஷப்பட்டார். சிக்கல் வந்தது இரட்சிப்பில்.

இரட்சிப்புக்கு நான் ஒரு கிணற்றுக் கதை வைத்திருந்தேன். மனிதன் பாவம் என்ற ஆழக் கிணற்றில் விழுந்து கிடக்கிறான், அவனால் ஏற முடியாது, தேவன் தம் குமாரனைக் கயிறாக இறக்குகிறார், பிடித்துக்கொண்டவன் பிழைக்கிறான். வயலில் வேலை செய்கிறவர்களுக்கு இந்தக் கதை ஒருமுறை சொன்னால் போதும். எலியா கடைசிவரை கேட்டார். அதற்குள் அவர் பேச்சு பாதி கொச்சி, பாதி ஆவடி ஆகியிருந்தது.

“இன்னா உபதேசியாரே, நான் எப்ப விழுந்தேன்?”

“ஆதாமோட எல்லாருமே விழுந்தோம்.”

“ஆதாம் விழுந்தா ஆதாமுக்குத்தான் அடி. எங்க வீட்ல சொல்ற கிணறு வேற. அதுல படி உண்டு. தப்பு செஞ்சா கீழ ஒரு படி எறங்கறோம். வருத்தப்பட்டு, யாருக்குத் தப்பு செஞ்சமோ அவன்கிட்ட போய் மன்னிப்பு கேட்டு, திரும்பி ஏறணும். படி கட்டினது தெய்வம். ஏற வேண்டியது நம்ம காலு.”

“கால் ஒடிஞ்சவன் இன்னா செய்வான்?”

நல்ல கேள்வி என்று மட்டும் சொல்லிவிட்டு ரயிலேறிப் போனார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நவமணியிடம் பெருமையடித்துக்கொண்டேன். மறுநாள் வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, “கால் ஒடிஞ்சவனைத் தெய்வமே தூக்கும். அதுக்கு நடுவுல இன்னொருத்தர் எதுக்கு?” என்றார். இரவெல்லாம் யோசித்திருக்கிறார் போலிருக்கிறது. எனக்கும் அன்றிரவு தூக்கம் போனது.

மேசியாவிலும் அப்படித்தான். நாங்கள் இயேசுவைக் கிறிஸ்து என்கிறோம். கிறிஸ்து என்றாலும் மேசியா என்றாலும் ஒரே பொருள், அபிஷேகம் பெற்றவர். எலியாவின் ஜனங்களும் மேசியாவுக்குக் காத்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் எதிர்பார்ப்பது தாவீதின் வம்சத்தில் ஒரு மனிதரை, ஒரு ராஜாவை. பாவத்துக்காகச் சாகிறவரை அல்ல, சிதறின ஜனத்தைச் சேர்த்து, யுத்தத்தை ஒழித்து, உலகத்தை நேராக்குகிறவரை. அவர் வந்தார் என்பதற்கு அடையாளமே உலகம் மாறியிருப்பதுதான் என்றார் எலியா. ஜன்னலுக்கு வெளியே பீரங்கி ஏற்றிய வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. அவர் கையை நீட்டி அவற்றைக் காட்டினார். முதல் வருகையில் மனிதனின் உள்ளத்தை மாற்ற வந்தார், இரண்டாம் வருகையில் உலகத்தை மாற்ற வருவார் என்று நான் சொன்னேன். பாதி வேலையில் போன மேஸ்திரியை எங்கள் வேதத்தில் எங்கும் காணோமே என்றார் அவர்.

அப்போது நான் என்னுடைய பெரிய ஆயுதத்தை எடுத்தேன். பழைய ஏற்பாட்டில், பிறருடைய குற்றத்துக்காக அடிபடுகிற, வாய் திறக்காமல் பாடுபடுகிற ஊழியக்காரனைப் பற்றித் தீர்க்கதரிசி எழுதிய பகுதி. சிலுவையை நேரில் பார்த்தவன் எழுதியது போலவே இருக்கும். எலியா அதைத் தமிழில் மெதுவாகப் படித்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு எபிரெயுவில் சொன்னார்.

“இந்த ஊழியன் நாங்கதான் உபதேசியாரே. எங்க ஜனம்.”

ஐரோப்பாவில் யூதரைத் தேடித் தேடிக் கொல்கிறார்கள் என்று அந்த மாதங்களில் செய்தித்தாள்களில் வந்துகொண்டிருந்தது. கிடங்கிலிருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அதைவிட அதிகமாகப் பேசிக்கொண்டார்கள். எலியா அதைப் பற்றி என்னிடம் பேசியது அன்று ஒருமுறைதான்.

“அங்க யூதன்ங்கற பேருக்காகச் சாகறான். இங்க நான் பொண்ணுக்காக அதைக் கழட்டி வைக்கறேன். எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா துணியைக் கிழிச்சிக்கினு தரையில உக்காந்து எனக்குத் துக்கம் காப்பாங்க. செத்தவனுக்குக் காக்கிற மாதிரி.”

அன்று பாடத்தை அதோடு நிறுத்திவிட்டேன். அந்தப் பகுதி இயேசுவைப் பற்றியது என்றுதான் அன்றும் விசுவாசித்தேன், இன்றும் விசுவாசிக்கிறேன். ஆனால் எதிரே உட்கார்ந்து அதைச் சொன்ன மனிதரின் குரலை என்னால் மறக்க முடியவில்லை.

மறுநாள் பூந்தமல்லிக்குச் சைக்கிள் மிதித்தேன். எலியா பாடத்தில் முழுத் தயார், பரீட்சையில் எதைக் கேட்டாலும் சொல்வார், ஆனால் அவர் விசுவாசிக்கவில்லை என்று ஐயரிடம் சொன்னேன். துரை வருகிற தேதி குறித்தாகிவிட்டது. கோயிலுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். ஐயர் கண்ணாடியைத் துடைத்தார்.

“சாமுவேல், நான் உன்னைக் கற்பிக்க அனுப்பினேனா, கற்றுக்கொள்ள அனுப்பினேனா?”

“கற்பிக்கத்தான் ஐயா. ரெண்டும் நடந்துடுச்சு.”

வெகுநேரம் துடைத்துக்கொண்டேயிருந்தார். பரீட்சை நடக்கட்டும், போய் வா என்றார். கண்ணாடியை மாட்டிக்கொள்ளவில்லை. நான் வீடு வந்து சேரும்வரை அதையே நினைத்துக் கவலைப்பட்டேன்.

பரீட்சை ஆவடியில் மேஸ்திரி வீட்டில் நடந்தது. மேஸ்திரி கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எஸ்தர் வாசல்நிலையில் நின்றாள். எலியா வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். ஜெபம், கட்டளைகள், விசுவாசப் பிரமாணம், எல்லாம் ஆற்றுத் தண்ணீர் போல வந்தன. மேஸ்திரி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி மகிழ்ந்தார். ஐயர் புத்தகத்தை மூடி முழங்காலில் வைத்துக்கொண்டார்.

“எலியா, இதுவரை நீ சொன்னது புத்தகம். இப்போ உன்னைக் கேட்கிறேன். உங்க ஜனம் காத்திருக்கிறவர் இயேசுதான்னு நீ நம்பறியா?”

எலியா வாயைத் திறந்தார். தரையைப் பார்த்தார், எஸ்தரைப் பார்த்தார்.

“ஆமாம்னு சொல்றதுக்குத்தான் வந்தேன் ஐயா.”

மேஸ்திரி முன்னால் குனிந்தார். “சொல்லிடு நைனா. ஒரு வார்த்தைதானே. அப்பறம் போகப் போக எல்லாம் வந்துடும்.”

எலியா மறுபடி வாயெடுத்தபோது எஸ்தர்தான் பேசினாள். “சொல்லாத” என்றாள். “எனக்காக என் சாமிகிட்ட பொய் சொல்றவர் எனக்கு வேணாம். நாளைக்கு எங்கிட்டயும் சொல்லுவாரு.”

எலியா தலையை நிமிர்த்தி ஐயரிடம், இல்லை ஐயா, நம்பவில்லை, என்றார். மேஸ்திரியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. ஐயர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“அப்போ நான் ஞானஸ்நானம் கொடுக்க முடியாது” என்றார்.

மேஸ்திரி எழுந்து, கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு உள்ளே போகத் திரும்பினார். ஐயர் அவரை உட்காரச் சொன்னார். தான் மறுத்தது ஞானஸ்நானத்தைத்தான், கல்யாணத்தை அல்ல என்றார். கோயிலில் தன்னால் இந்தக் கல்யாணத்தை நடத்த முடியாது, ஆனால் கிறிஸ்தவர் கல்யாணச் சட்டப்படி இருவரில் ஒருவர் கிறிஸ்தவராக இருந்தாலே பதிவாளர் முன்னால் செய்துகொள்ளலாம், யாரும் யாருடைய வேதத்தையும் விட வேண்டியதில்லை என்று நிதானமாக விளக்கினார். அதைக் கேட்டபோதுதான் எனக்குப் புரிந்தது, நான் பூந்தமல்லிக்குப் போய் வந்த நாளிலிருந்து அவர் இதை விசாரித்து வைத்திருக்கிறார்.

மேஸ்திரி ஒப்புக்கொள்ளவில்லை. பதிவாளர் ஆபீசில் பதிவு செய்ய என் பெண் என்ன வீட்டுமனையா என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். துரை அறுப்பின் பண்டிகைக்கு வந்து, வெள்ளையடித்த கோயிலைப் பாராட்டிவிட்டு, பூசணிக்காய் ஏலத்தைப் பார்த்துவிட்டுப் போனார். ஐயர் அவரிடம் என்ன சொன்னாரோ தெரியாது. என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எலியா வகுப்புக்கு வருவதை மட்டும் நிறுத்தவே இல்லை. பரீட்சை முடிந்துவிட்டதே என்றேன். சண்டை முடியவில்லையே என்றார்.

கிறிஸ்துமஸ் வந்தது. ஆவடிக் கோயிலில் உட்கார இடமில்லை. கிடங்கிலிருந்த எங்கள் ஆட்கள் எல்லோரும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். கீர்த்தனை பாடிக்கொண்டிருந்தபோது முன்வரிசையிலிருந்த மேஸ்திரி திடீரென்று பாட்டை நிறுத்தினார். சுற்றிலும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். ஆராதனை முடிந்ததும் நேராக ஐயரிடம் வந்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

“நாங்க எல்லாரும் இங்க கீறோமே ஐயரே, கிடங்குல யாரு கீறாங்கன்னு நெனச்சுப் பாத்தேன். அவன் ஒருத்தன்தான். எங்க எல்லாரு வேலையும் தலைல போட்டுக்கினு அங்க நிக்கறான். நான் இங்க பாட்டு பாடிக்கினு கீறேன்.” பிறகு கேட்டார். “அந்தப் பதிவாளர் ஆபீசு எங்க கீது?”

அன்று மத்தியானமே ஒரு தூக்குச்சட்டியில் பண்டிகைப் பலகாரம் எடுத்துக்கொண்டு கிடங்குக்குப் போனார். எலியா சாப்பிடக்கூடியது எது என்று நவமணியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் போனார்.

கல்யாணம் தை மாதத்தில் பட்டணத்தில் நடந்தது. எர்ணாகுளத்திலிருந்து எலியாவின் அண்ணன் மட்டும் வந்தார். அம்மா வரவில்லை. இந்தக் கல்யாணம் அவருக்குப் பிடிக்கவில்லை, இனியும் பிடிக்கப்போவதில்லை. ஆனால் பிள்ளைக்காகத் தரையில் உட்கார மாட்டேன், அவன் உயிரோடு இருக்கிறான் என்று சொல்லி அனுப்பியிருந்தார். எலியா அதைக் கேட்டுச் சுவர் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். எஸ்தர் அவர் அருகில் போய் நின்றாள். நாங்கள் எல்லோரும் வேறு ஏதோ பேசினோம்.

பதிவாளருக்கு ஒரே சந்தேகம், குடையோடு வந்திருக்கும் போதகர் எதற்கு என்று. கல்யாணம் நடத்தவா என்று கேட்டார். இல்லை, சாட்சிக் கையெழுத்துப் போட, மாப்பிள்ளை என் சிநேகிதர், என்று ஆசீர்வாதம் ஐயர் பதில் சொன்னார்.

திரும்பும் ரயிலில்தான் வம்பு வந்தது. பெண், மேஸ்திரி, நவமணி, எலியாவின் அண்ணன், நான் எல்லோரும் ஒரு பெட்டி. அது நிறைந்துவிட்டதால் ஐயரும் எலியாவும் பக்கத்துப் பெட்டியில் ஏறினார்கள். வில்லிவாக்கம் தாண்டும்போதே அவர்கள் குரல் எங்களுக்குக் கேட்டது. பாடுபடும் ஊழியக்காரன் யார் என்ற விவாதம். ஐயர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை என்று எழுதினேன் அல்லவா, அன்று கேட்டேன். அம்பத்தூரில் எலியா பேசினார், திருமுல்லைவாயிலில் ஐயர் பேசினார். ஆவடி வந்தது. நாங்கள் மூட்டை முடிச்சோடு இறங்கினோம். நிலையத்திலேயே தோரணம் கட்டியிருந்தார்கள், மேளக்காரர் இருவரும் அங்கேயே வந்திருந்தார்கள். வண்டி ஊதிக்கொண்டு புறப்பட்டது. பக்கத்துப் பெட்டி எங்களைக் கடந்து போனபோது ஜன்னலில் இரண்டு பேர் தெரிந்தார்கள். ஒருவர் விரலை நீட்டிப் பேசிக்கொண்டிருந்தார், மற்றவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேருமே வெளியே பார்க்கவில்லை.

மேளம் நின்றுவிட்டது. மாப்பிள்ளையும் போதகரும் பட்டாபிராமுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். திரும்பி வரும் வண்டிக்கு வெகுநேரம் இருந்தது. மேஸ்திரி தலையில் கை வைத்துக்கொண்டு நடைமேடைப் பலகையில் உட்கார்ந்துவிட்டார். பந்தலில் இலை போட்டுவிட்டார்கள், ஊரே காத்திருக்கிறது, மாப்பிள்ளை இல்லாமல் எப்படி என்று என்னைக் கேட்டார். எஸ்தரைத்தான் எல்லோரும் பார்த்தோம். கல்யாணச் சேலையில் நின்றுகொண்டிருந்தவள், தண்டவாளம் போன திசையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“வருவாரு” என்றாள். “எப்பன்னு தெரியாது. அதுக்காகப் பசியோட எதுக்கு உக்காந்திருக்கணும்? வாங்க, எல்லாரும் சாப்பிடலாம்.”

நாங்கள் சாப்பிட்டோம். இரண்டாம் பந்தி முடிகிற நேரத்தில், மேற்கே தண்டவாளத்து ஓரமாக இரண்டு பேர் ஒரே குடையின் கீழ் நடந்து வருவதைக் குழந்தைகள் பார்த்துவிட்டுக் கூவின. மேளம் மறுபடி தொடங்கியது. அவர்கள் வேகமாக வரவில்லை. நான்கு அடி நடப்பார்கள், நின்றுவிடுவார்கள், ஒருவர் கையை ஆட்டுவார், மற்றவர் தலையை ஆட்டுவார், பிறகு மறுபடி நடப்பார்கள்.